தூக்கி ஊற்றிய மீடியத்தில் இருந்தது

போன வாரம் மாதிரித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கோல்கை உறுப்பின் பணிகளை விளக்கச் சொல்லி ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே வாக்கியத்தில் தொடங்கியிருந்தார்கள்: "கோல்கை உறுப்பு செல்லின் தபால் நிலையம் ஆகும்." நானும் பள்ளியில் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் எழுதினேன். எழுதியவர்களுக்கு மதிப்பெண்ணும் போட்டுவிட்டேன். புரதங்கள் அங்கே வந்து சேர்கின்றன, பிரிக்கப்படுகின்றன, வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பப்படுகின்றன. உவமையில் அந்த அளவுக்குத் தவறில்லை. ஆனால் கட்டைக் கட்டி வைத்த பிறகும் அந்த வாக்கியம் உறுத்திக்கொண்டே இருந்தது. தபால் நிலையத்துக்கு வந்த கடிதத்தில் முகவரி இல்லையென்றால் என்ன ஆகும்? எங்கும் போகாது, அங்கேயே ஒரு மூலையில் கிடக்கும். செல்லுக்குள் நடப்பது இதற்கு நேர்மாறு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்தைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை.

ஆய்வு மாணவியாக இருந்தபோது நடந்தது. ஒரு புரதத்தை மனித செல்களில் உற்பத்தி செய்து, பிரித்தெடுத்து, அதன் செயல்பாட்டை அளப்பது என் வேலை. புரத டைசல்பைடு ஐசோமரேஸ் என்பது அதன் பெயர். ஆய்வகத்தில் பி.டி.ஐ. என்போம். செல்லுக்குள் கோல்கைக்கு முன்னால் வரும் எண்டோபிளாச வலை என்ற சவ்வு அறைகளுக்குள்ளேயே குடியிருக்கும் புரதம் அது. புதிதாக உருவாகி உள்ளே வரும் புரதங்கள் சரியாக மடிவதற்கும், அவற்றின் கந்தகப் பிணைப்புகள் சரியான ஜோடிகளுக்கு இடையில் விழுவதற்கும் உதவும். பிரித்தெடுக்க வசதியாக அந்தப் புரதச் சங்கிலியின் வால் முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறைச் சேர்த்தேன். எல்லா ஆய்வகங்களிலும் செய்வதுதான். நிக்கல் ஏற்றிய மணிகளில் அந்த ஆறும் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் வழிந்து போய்விடும்.

டி.என்.ஏ.வைச் செல்களுக்குள் செலுத்தி, 48 மணி நேரம் காத்திருந்து, செல்கள் வளரும் இளஞ்சிவப்புத் திரவமான மீடியத்தை மேலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டு, செல்களை உடைத்து உள்ளே இருக்கும் புரதத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். குறிப்பிட்ட ஒரு புரதத்தைக் கோடாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் ஒரு மங்கிய கோடு மட்டும் தெரிந்தது. மறுபடி செய்தேன், அதே மங்கல். டி.என்.ஏ. வரிசையைச் சரிபார்த்தேன், ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. ஆர்.என்.ஏ. உருவாகிறதா என்று பார்த்தேன், ஏராளமாக உருவாகிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் உருவான புரதத்தைச் செல் சிதைக்கிறது என்று முடிவு செய்து, சிதைவைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தேன். கோடு அடர்த்தியாகவில்லை, செல்கள்தான் செத்தன. வேறு செல் வகைக்கு மாறினேன். வெப்பநிலையைக் குறைத்தேன். ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. ஒவ்வொரு முறையும் உறிஞ்சி எடுத்த மீடியம் பிளீச்சிங் கரைசல் இருந்த குடுவைக்குள் விழும், விழுந்த கொஞ்ச நேரத்தில் அதன் நிறம் வெளுத்துப் போகும். அந்த நிறமாற்றம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

## ஒரு குழி காலியாக இருந்தது

அந்த வாரம் ஆய்வகத்தில், செல்களுக்கு ஊட்டமாக மீடியத்தில் சேர்க்கும் சீரம் தீர்ந்துபோயிருந்தது. புதுப் பாட்டில் வரும்வரை, கடைசி ஒரு நாளுக்குச் செல்களைச் சீரம் இல்லாத மீடியத்தில் வைத்திருந்தேன். இது ஏன் முக்கியம் என்றால், புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் சாதாரணமாக யாரும் மீடியத்தை ஏற்ற விரும்ப மாட்டார்கள். சீரத்தில் அல்புமின் குவிந்து கிடக்கும். 66 கிலோடால்டன் எடை இருக்கும் அந்தப் புரதம், ஜெல்லில் தன் அக்கம்பக்கத்தை எல்லாம் வீங்க வைத்துக் கோணலாக்கிவிடும். பி.டி.ஐ.யின் எடை சுமார் 57. சரியாக அந்த வீக்கத்தின் விளிம்பில் வரும். அதனால் மீடியத்தைப் பார்க்கும் யோசனையே எனக்கு வரவில்லை.

அன்று ஜெல்லில் மாதிரிகளை ஏற்றிக்கொண்டிருந்தது, ஆய்வகத்துக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகாத ஒரு முதுகலை மாணவி. பத்துக் குழிகளில் ஒன்பது நிரம்பிவிட்டன. "அக்கா, ஒரு குழி சும்மா இருக்கு. மேல இருந்த மீடியத்தையும் போட்டுப் பார்க்கட்டுமா? இன்னிக்குத்தான் சீரம் இல்லையே" என்றாள். போடு என்றேன். எந்த எதிர்பார்ப்பும் இல்லை, குழி வீணாகாமல் இருக்கட்டும் என்ற எண்ணம்தான். மாலையில் ஃபிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது, பத்தாவது குழிக்கு நேர் கீழே மை கொட்டியதுபோல் கன்னங்கரேலென்று ஒரு கோடு. மற்ற ஒன்பது குழிகளிலும் ஐந்து மாதமாக நான் பார்த்துவந்த அதே மங்கல்.

ஃபிலிமை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்கு ஓடினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார்.

"பி.டி.ஐ.யோட கடைசி நாலு அமினோ அமிலம் என்ன?"

"கே, டி, இ, எல், சார்."

"அதுக்கு அப்புறம்?"

"ஆறு ஹிஸ்டிடின்" என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவரும் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

லைசின், அஸ்பார்ட்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், லியூசின். ஓரெழுத்துக் குறியீட்டில் கே, டி, இ, எல். எண்டோபிளாச வலைக்குள் கரைந்த நிலையில் தங்கி வேலை செய்யும் புரதங்கள் பலவற்றின் வால் முனை இந்த நான்கில்தான் முடியும். 1987இல் கேம்பிரிட்ஜில் ஷான் மன்ரோ, ஹியூ பெல்ஹாம் இருவரும் இதன் பொருளைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் செய்த சோதனை அழகானது. வலைக்குள் குடியிருக்கும் ஒரு புரதத்தின் கடைசி நான்கை வெட்டினார்கள், அது செல்லைவிட்டு வெளியே வந்துவிட்டது. வெட்டாமல் அந்த நான்குக்குப் பின்னால் வேறு சில அமினோ அமிலங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள், அப்போதும் வெளியே வந்தது. பிறகு, வழக்கமாகச் சுரந்து வெளியேறிவிடும் கோழி லைசோசைமின் வாலில் இந்த முடிவைக் கொண்டுபோய் ஒட்டினார்கள். அது வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிட்டது. நான்கும் இருந்தால் மட்டும் போதாது, கடைசி நான்காக இருக்க வேண்டும். பின்னால் எதைச் சேர்த்தாலும் அந்த அடையாளம் மறைந்துவிடும். நான் ஆறு ஹிஸ்டிடின்களைச் சேர்த்து மறைத்திருந்தேன். அந்தக் கட்டுரையை முதல் ஆண்டிலேயே படித்து, அடிக்கோடு போட்டு, ஆய்வகக் கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன். ஆனால் வெளியே அனுப்பு என்று யாரும் சொல்லாமல் ஒரு புரதம் வெளியே போகும் என்பது என் மனதில் பதியவே இல்லை. தபால் நிலையம் என்ற உவமை அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

## ஏறுவதற்கும் தங்குவதற்கும்

யாரும் சொல்லாமலே வெளியே போகும் என்று சொன்னால், எண்டோபிளாச வலைக்குள் நுழையும்போதுகூடவா என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். நுழைவதற்கு அடையாளம் வேண்டும். இதைக் காட்டியவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் இருந்த குந்தர் பிளோபல். 1971இல் டேவிட் சபாட்டினியுடன் சேர்ந்து கருதுகோளாகச் சொன்னார். அப்போது கையில் ஆதாரம் மிகக் குறைவு. 1975இல் சோதனைக் குழாயில் செய்தே காட்டிவிட்டார். ரைபோசோமில் புரதம் உருவாகும்போது முதலில் வெளியே தலை நீட்டும் 15 முதல் 30 அமினோ அமிலங்கள், நடுவில் நீரை வெறுக்கும் தன்மை கொண்டவையாக இருந்தால், அதுதான் சமிக்ஞை வரிசை. 6 புரதங்களும் ஓர் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்த ஒரு துகள் அதைப் பற்றிக்கொண்டு, புரத உற்பத்தியைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து, ரைபோசோமை எண்டோபிளாச வலையின் வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்கும். புரதம் உருவாக உருவாகவே உள்ளே நூல் கோப்பதுபோல நுழையும். நுழைந்ததும் சமிக்ஞை வரிசை வெட்டப்பட்டுவிடும். வெளியே வந்த புரதத்தில் அந்தத் தொடக்கப் பகுதியைப் பார்க்கவே முடியாது. 1999இல் பிளோபலுக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

நுழைந்த பின் எந்த வழியாகப் போகிறது என்பதை அதற்கு முன்பே ஜார்ஜ் பலாடே பார்த்துவிட்டார். அவரும் ஜேம்ஸ் ஜேமீசனும் கினி எலியின் கணையத் துண்டுகளுக்கு மூன்றே நிமிடம் கதிரியக்க லியூசினைக் கொடுத்துவிட்டு, பிறகு சாதாரண லியூசினுக்கு மாற்றினார்கள். அந்த மூன்று நிமிடத்தில் உருவான புரதங்கள் மட்டும் கதிர்வீசும். அவை இருக்கும் இடத்தில் ஃபிலிமில் வெள்ளித் துகள் கறுக்கும். முதலில் கறுத்தது எண்டோபிளாச வலை, அடுத்துக் கோல்கைப் பகுதி, அதற்கும் பின்னால் சுரப்புத் துகள்கள். 1967இல் வெளிவந்த அந்தப் படங்களை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும், கறுப்புப் புள்ளிக் கூட்டம் ஒன்று செல்லின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து போவதுபோலத்தான் இருக்கும்.

வகுப்பில் நான் இப்போது பேருந்தைத்தான் சொல்கிறேன். ஏறுவதற்குச் சீட்டு வேண்டும், அது சமிக்ஞை வரிசை. ஏறிய பிறகு எந்த நிறுத்தத்திலும் இறங்காமல் உட்கார்ந்திருந்தால், கடைசி நிறுத்தத்துக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். செல்லுக்கு வெளியே இருக்கும் உலகம்தான் அந்தக் கடைசி நிறுத்தம். அங்கே போக யாரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. நடுவில் இறங்கத்தான் சொல்ல வேண்டும்.

கே, டி, இ, எல் என்று முடியும் கேடெல் வால் கொண்ட புரதங்கள் விஷயத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அவை ஏறிய இடத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவை அல்ல. கூட்டத்தோடு கூட்டமாக அடுத்த நிறுத்தமான கோல்கைவரை போய்விடுகின்றன. அங்கே அந்த நான்கெழுத்தை அடையாளம் காணும் ஓர் ஏற்பி காத்திருந்து, எதிர்த் திசை வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுகிறது. கோல்கையின் உட்புறம் சற்று அமிலத்தன்மை கொண்டது, அங்கே ஏற்பி இறுகப் பிடிக்கும். எண்டோபிளாச வலையில் அந்த அமிலத்தன்மை இல்லை, அங்கே வந்ததும் பிடியை விட்டுவிடும். பி.டி.ஐ. போன்ற ஒரு புரதம் தன் வாழ்நாளில் எத்தனை முறை இப்படிப் போய்த் திரும்புகிறதோ என்று நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கும். ஐந்து மாதமாக என் செல்களில் தெரிந்த அந்த மங்கிய கோடும் இப்போது விளங்குகிறது. வெளியே போகும் வழியில், இன்னும் போய்ச் சேராமல் இருந்த புரதம் அது. திருப்பி அனுப்ப ஆள் இருந்தது, பிடிப்பதற்கான வால் வெளியே தெரியவில்லை.

## அடையாளம் விழாத குழந்தைகள்

என்னுடையது ஆய்வகத்தில் நடந்த தவறு, ஹிஸ்டிடின்களை இடம் மாற்றினால் சரியாகிவிடும். இதே விதி ஒரு குழந்தையின் உடலில் பிசகும்போது என்ன ஆகும் என்பதை ஐ-செல் என்ற அரிய பரம்பரை நோயைப் படித்தபோது தெரிந்துகொண்டேன். அதன் பிறகு இந்தப் பாடத்தை என்னால் சாதாரணமாக நடத்த முடிவதில்லை.

லைசோசோம் என்பது செல்லின் செரிமான அறை. அதற்குள் பல பத்து நொதிகள் இருக்க வேண்டும். அவையும் இதே பேருந்தில்தான் ஏறுகின்றன, நடுவழியில் இறங்கி லைசோசோமுக்குப் போகின்றன. அமெரிக்காவின் பெதஸ்டாவில் இருந்த எலிசபெத் நியூஃபெல்ட் ஆராய்ந்தது ஹர்லர், ஹன்டர் என்ற இரண்டு பரம்பரை நோய்களை. இரண்டிலுமே செரிக்கப்படாத சர்க்கரைச் சங்கிலிகள் செல்லில் குவிந்துகொண்டே போகும். 1968இல் அவருடைய குழு இந்த இரு நோயாளிகளின் தோல் செல்களையும் ஒரே தட்டில் சேர்த்து வளர்த்தபோது, இரண்டுமே தேறின. ஒன்றிடம் இல்லாத நொதியை மற்றது வெளியே விட்டது, இது உறிஞ்சிக்கொண்டது. பிறகு ஐ-செல் நோயாளிகளின் செல்கள் அவர்களிடம் வந்தன. இந்தச் செல்களின் லைசோசோம்களில் ஒரு நொதி மட்டுமல்ல, ஏறக்குறைய எல்லா நொதிகளுமே குறைவு. ஆனால் வளர்ப்பு மீடியத்தில் அதே நொதிகள் நிறைய இருந்தன. குழந்தைகளின் இரத்தத்திலும் அப்படியே. 1972இல் ஹிக்மனும் நியூஃபெல்டும் ஒரு படி மேலே போனார்கள். ஐ-செல் நோயாளியின் செல்கள் மற்ற செல்களின் நொதியை நன்றாக உறிஞ்சிக்கொள்கின்றன. ஆனால் ஐ-செல் நோயாளியின் நொதியை மற்ற செல்கள் தொடவே இல்லை. அப்படியென்றால் பிழை வாங்கும் வாசலில் இல்லை, நொதிகளின் மேலேயே ஏதோ ஓர் அடையாளம் விழாமல் போயிருக்கிறது.

மீடியத்தில் தேடியிருக்கிறார்கள் என்ற வரியைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அந்த அடையாளம் மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற, பாஸ்பேட் ஒட்டிய சர்க்கரை என்று 1977இல் தெரிந்தது. கோல்கைக்கு வரும் லைசோசோம் நொதிகளின் சர்க்கரைக் கிளையில் அங்கே இருக்கும் ஒரு நொதி இந்தப் பாஸ்பேட்டை வைக்கிறது. அதைப் பிடிக்கும் ஏற்பிகள் அவற்றை லைசோசோமுக்கு இட்டுச் செல்கின்றன. ஐ-செல் நோயில் பாஸ்பேட்டை வைக்க வேண்டிய அந்த ஒரு நொதி இல்லை. 1981இல் இதைக் கண்டறிந்தார்கள். மற்ற அத்தனை நொதிகளும் குறையில்லாமல் உருவாகின்றன, செரிக்கும் திறனோடு இருக்கின்றன. நடுவில் இறங்கச் சொல்ல ஆள் இல்லாததால் எல்லாம் கடைசி நிறுத்தத்துக்கு, அதாவது இரத்தத்துக்குப் போய்விடுகின்றன. குழந்தையின் வளர்ச்சி நின்றுபோகிறது, மூட்டுகள் இறுகுகின்றன. இந்த நோயின் கடுமையான வடிவத்தோடு பிறப்பவர்களில் பெரும்பாலானோர் பத்து வயதைத் தாண்டுவதில்லை.

இதே அறிவுதான் வேறு சில குடும்பங்களுக்கு மருந்தாகவும் ஆனது. லைசோசோம் நொதி ஒன்று குறைவதால் வரும் பொம்பே (Pompe) நோய் போன்றவற்றுக்கு இன்று இரத்தக் குழாய் வழியாக ஏற்றப்படும் நொதி, ஹாம்ஸ்டர் செல்களில் அளவுக்கு அதிகமாக உற்பத்தி செய்யப்பட்டு, லைசோசோமுக்கு அனுப்பும் ஏற்பாடு ஈடுகொடுக்க முடியாமல் வெளியே வழிந்து வருவது. பாஸ்பேட் அடையாளத்தோடு அந்த நொதியை ஏற்றினால், நோயாளியின் செல்கள் மேற்பரப்பில் இருக்கும் அதே ஏற்பிகளால் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. தொழிற்சாலையில் அந்த மருந்தைச் செல்லை உடைத்து எடுப்பதில்லை, மீடியத்திலிருந்து எடுக்கிறார்கள்.

## விதிக்குள் விலக்கு

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் மாணவர்களுக்குப் பாதிதான் சொன்னதாகும். கடைசி நிறுத்தத்துக்குப் போக அடையாளமே வேண்டாம் என்பது முழு உண்மை இல்லை. சரியாக மடியாத புரதங்களை எண்டோபிளாச வலை எளிதில் வெளியே விடாது. அடுத்து, 1987இல் ஜேம்ஸ் ராத்மன் குழு, எந்த அடையாளமும் இல்லாத மூன்றே அமினோ அமிலத் துணுக்கு ஒன்றைச் செல்லுக்குள் விட்டுப் பார்த்தது. அது நிமிடக் கணக்கில் வெளியே வந்துவிட்டது. ஓட்டத்தோடு போவது சாத்தியம் என்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் சில புரதங்களைக் கைப்பிடித்து ஏற்றிவிடவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. இரத்தம் உறைவதற்கான 5ஆம், 8ஆம் காரணிகள் இரண்டும் ஒரே நேரத்தில் குறைந்துபோகும் ஓர் அரிய நோய் உண்டு. இரண்டின் மரபணுக்களும் தனித்தனியே, குறையில்லாமல் இருக்கும். பிழை இந்த இரண்டையும் எண்டோபிளாச வலையிலிருந்து ஏற்றிவிடும் துணைப் புரதத்தில் என்று 1998இல் கண்டறிந்தார்கள். இன்சுலின் கதையும் தனி. 110 அமினோ அமிலங்களாகத் தொடங்கி, நுழைவாயிலில் 24ஐ இழந்து, 86ஆகப் பயணம் செய்து, சுரப்புத் துகளுக்குள் நடுத்துண்டு வெட்டப்பட்டு 51ஆக, துத்தநாகத்தோடு சேர்ந்து படிகம்போலக் காத்திருக்கும். குளுக்கோஸ் ஏறினால்தான் வெளியே வரும். காத்திருக்கும் துகளுக்குள் அது எப்படிப் போய் நிற்கிறது என்பதற்கு நான்கெழுத்து விடை எதுவும் இல்லை. ஒன்றோடொன்று திரண்டு கட்டிக்கொள்ளும் குணமும் அதில் ஒரு பங்கு வகிக்கிறது. இதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஆனாலும் முதலில் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டியது, உள்ளே நிறுத்தி வைக்கத்தான் இத்தனை ஏற்பாடு என்பது என்று நினைக்கிறேன். விலக்குகளை அதன் மேல் அடுக்கிக்கொள்ளலாம். தபால் நிலையத்தில் தொடங்கினால் வெளியே போகும் ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு முகவரியைத் தேடிக்கொண்டிருப்போம். நான் தேடினேன்.

அப்புறம் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆறு ஹிஸ்டிடின்களையும் வாலிலிருந்து எடுத்து, தலைப்பக்கம், சமிக்ஞை வரிசை வெட்டப்படும் இடத்துக்கு அடுத்து வைத்தேன். இன்னும் முன்னால் வைத்தால் வெட்டுப்படும்போது அவையும் சேர்ந்து போய்விடும். வால் முனையில் மறுபடி கே, டி, இ, எல். அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. இந்த முறை சீரம் இருந்தும் வேண்டுமென்றே சீரம் இல்லாத மீடியத்தில் வளர்த்தேன். அதே மாணவியைத்தான் ஜெல்லில் ஏற்றச் சொன்னேன். ஃபிலிமில் செல்லுக்கான குழியில் கன்னங்கரேலென்று ஒரு கோடு. பக்கத்தில் மீடியத்துக்கான குழியின் கீழே வெறும் வெள்ளை. அவள் அந்த வெள்ளையை விரலால் தொட்டு, "இங்க ஒண்ணுமே இல்லக்கா" என்று சிரித்தாள்.

அந்த இரண்டு ஃபிலிம்களும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. நாளைக்கு விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டையும் வகுப்புக்குக் கொண்டுபோகிறேன்.